டார்சானின் புதிய கதைகளைப் படித்தபோது: வாசகர் அனுபவங்கள்

திருச்சி வாசகர்:
டார்சானைப் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ் 1950இல் மறைந்தபோது முடிக்காமல் விட்டிருந்த டார்சான் கதையை ஜோ ஆர். லான்ஸ்டேல் எழுதி முடிக்க, அது 1995இல் 'டார்சான்: தி லாஸ்ட் அட்வெஞ்சர்' என்று வெளிவந்ததை இங்குள்ளோர் அறிவீர்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியை இரவுப் பேருந்தில் படித்துக்கொண்டு வந்தேன். உர் என்ற மறைந்த நகரத்தில் கும்பிடுபூச்சியைப் போன்ற ராட்சதப் பிராணி வரும் பக்கத்தை என்னால் கடக்க முடியவில்லை. இதைக் கற்பனை செய்தவர் பரோஸா, லான்ஸ்டேலா? முன்பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒட்டுப் போட்ட இடம் அகப்படவில்லை. அஞ்ச வேண்டிய இடத்தில் நான் துப்பறிந்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

கோவை வாசகி:
ஆண்டி பிரிக்ஸ் 2011இல் எழுதிய 'தி கிரேஸ்டோக் லெகசி' நாவல், டார்சான் கதையை இன்றைய காங்கோவுக்குக் கொண்டுவருகிறது. டார்சானின் காதலி ஜேன் அதில் பதின்வயதுப் பெண். அவளுடைய தந்தை காட்டில் சட்டவிரோதமாக மரம் வெட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்த இடத்தில் என் மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்படியென்றால் ஜேனுடைய அப்பாதானே வில்லன், அம்மா?" என்று கேட்டாள். பழைய கதையில் ஜேனின் தந்தையான பேராசிரியர் போர்ட்டர் புதையல் தேடி வந்த ஞாபகமறதிக்காரர். அவரைப் பார்த்துச் சிரித்ததோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நெல்லை வாசகர்:
திருச்சி நண்பர் ஒட்டைத் தேடியது வீண் வேலை என்பேன். ஆப்பிரிக்காவுக்கே போகாத பரோஸ், 1912இல் இதழில் வந்த முதல் கதையில் அங்கே புலியை உலவவிட்டார். பிறகு நூலாக்கும்போது அதைப் பெண்சிங்கமாக்கினார். மூல ஆசிரியரே ஒட்டுப் போட்டவர்தான். பிறர் எழுதிய டார்சான் கதைகளில் நான் படித்தது பிலிப் ஹோசே ஃபார்மரின் 1999இல் வெளிவந்த 'தி டார்க் ஹார்ட் ஆஃப் டைம்' மட்டுமே, பிடித்தது. தொடர்கதைகளைப் படிக்க விரும்புவோர் முதலில் 1914இல் நூலான 'டார்சான் ஆஃப் தி ஏப்ஸ்', அடுத்து 'தி ரிட்டர்ன் ஆஃப் டார்சான்', பின்னர் 'டார்சான் தி அன்டேம்ட்', 'டார்சான் தி டெரிபிள்' ஆகியவற்றை வரிசையாக முடித்துவிட வேண்டும். ஃபார்மரின் கதை கடைசி இரண்டுக்கும் நடுவே, ஜேனைத் தேடி டார்சான் அலையும் காலத்தில் நடப்பதால், வரிசை தவறினால் அவன் ஏன் அத்தனை வெறியோடு அலைகிறான் என்பதே விளங்காது. கோவை அம்மையாரும் மகளுக்கு மூல நூலையே முதலில் தரலாம்.

கோவை வாசகி:
ஐயா, வரிசை கேட்டு நான் எழுதவில்லை. அந்த முதல் நூலில் ஆப்பிரிக்கத் தலைவன் இம்போங்காவின் கிராமத்தாரைக் கயிற்றுக் கண்ணி வீசிக் கொல்பவன் டார்சான்தான். அதைப் பரோஸ் வீரச் செயலாகவே எழுதிச் செல்கிறார். என் மகள் அப்போதும் வில்லன் யார் என்று கேட்பாள். அந்த அத்தியாயத்தை அவளோடு உட்கார்ந்து படிக்கவே விரும்புகிறேன். அதுவரை பிரிக்ஸ் போதும்.