ஸ்விங் பொத்தான்: ஒளிபுகும் பின்னணி அடர்ந்துகொண்டே போகிறது

கேள்வி: ஜாவாவில் திரைச் சாளரங்கள் அமைக்க உதவும் ஸ்விங் நூலகத்தில், நானே வரையும் ஜேபட்டனின் (பொத்தானின்) பின்னணி நிறத்துக்கு ஆல்ஃபா (ஒளிபுகாமை அளவு) 255-இல் 153, அதாவது 60 சதவீதம். மவுஸ் மேலே வரும்போதெல்லாம் நிறம் அடர்கிறது, பழைய எழுத்தின் சுவடும் தங்குகிறது. ஏன்?

பதில் 1: செட்ஒப்பேக் (பரப்பு ஒளிபுகாதது என்று அறிவிக்கும் அமைப்பு) ட்ரூ என்றால், "என் பரப்பு முழுவதையும் நானே மூடுவேன்" என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். அதை நம்பி ஸ்விங் அடியிலுள்ள பேனலை (பொத்தானைத் தாங்கும் பரப்பை) மறுபடி வரைவதில்லை. பழைய படத்தின் மேலேயே 60 சதவீத நிறம் மறுபடி மறுபடி படிகிறது. செட்ஒப்பேக்கையும், பொத்தானின் பின்னணியை ஸ்விங்கே நிரப்பச் செய்யும் செட்கன்டென்ட்ஏரியாஃபில்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். பொத்தானை வரையும் பெயிண்ட்காம்பொனென்ட் மெத்தடில் முதலில் நிறத்தை நிரப்பி, பிறகு எழுத்தை வரைய சூப்பரை (ஜேபட்டனின் மூல மெத்தடை) அழையுங்கள்.

பதில் 2: இதில் பின்னணி மட்டுமே மங்கும். எழுத்தும் மங்க ஆல்ஃபாகாம்போசிட் (வரைவதையெல்லாம் ஒரே அளவில் மங்கலாக்கும் அமைப்பு) 0.6 வேண்டும். அதை கிராஃபிக்ஸின் (வரையும் கருவியின்) நகலில் வைத்து, முடிந்ததும் அந்த நகலை டிஸ்போஸ் செய்து விடுவியுங்கள். மூலத்தில் வைத்தால் பார்டரும் (விளிம்புக் கோடும்) மங்கிவிடும்.

பதில் 3: அப்போதும் எழுத்தும் பின்னணியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் நிறங்கள் கலந்துவிடும். முழுவதையும் ஏஆர்ஜிபி பஃபர்ட்இமேஜில் (ஆல்ஃபாவும் உள்ள, நினைவகத்தில் இருக்கும் படத்தில்) மங்காமல் வரைந்து, அந்தப் படத்தை ஒரே தடவை 0.6-இல் இடுங்கள்.