ரிலீஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஷெட்யூலர் பேட்ச் தேவையா?

செக்காலை ரோட்டுக்காரன்:
காரைக்குடிப் பக்கத்து கம்ப்யூட்டர் லேப்களுக்காக நாம் கட்டும் லினக்ஸ் ஐஎஸ்ஓ (மெஷினில் நிறுவத் தயாரான கோப்பு) திங்கட்கிழமை வெளியாகிறது. அதன் மையமான கெர்னல் 6.12. எந்த புராசஸ் (ஓடும் நிரல்) எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலருக்கான ஒரு திருத்தத்தை, அதாவது பேட்சை, அதில் சேர்க்கச் சொல்கிறேன். ஒரு புராசஸ் ஒரே மூச்சில் ஓடும் நேரத்துண்டை அது 3 மில்லி நொடியிலிருந்து 1 ஆக்குகிறது. முகூர்த்த மாதத்தில் என் டிடிபி கடையில் பத்துப் பன்னிரண்டு கல்யாணப் பத்திரிகை ஒன்றாக பிடிஎஃப் ஆகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 'திருநிறைச்செல்வி' என்று அடித்துக் கையை எடுத்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக நடந்து வருகின்றன. பேட்ச் போட்டதும் சரியாகிவிட்டது. தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்டையும் ராத்திரி முழுக்க ஓட்டினேன், குறையே இல்லை.

ஆத்தங்குடியான்:
வேண்டாம் அண்ணே. எங்கள் ஊர்த் தரைக் கல்லையே வார்த்த கையோடு தரையில் பதிக்க மாட்டார்கள், தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். 2007-இல் வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலர் இருந்த இடத்துக்கு ஈஈவிடிஎஃப் என்ற புது ஷெட்யூலர் வந்தது 2023-இல், கெர்னல் 6.6-இல். அதன் மிச்ச வேலை 6.12-இல்தான் சேர்ந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வாரம் ஒன்றாக ஏழெட்டு ஆர்சி, அதாவது சோதனைப் பதிப்பு, விட்டுப் பார்க்கிறவர்களுக்கே அந்தக் கதி. நமக்கு ஐந்து நாள் போதுமா?

செக்காலை ரோட்டுக்காரன்:
அவர்கள் ஆர்சி விட்டால் உலகமே ஓட்டிப் பார்க்கிறது தம்பி. நாம் விட்டால் நீயும் நானும்தான். போன தடவை சோதனைப் பதிப்பை எத்தனை பேர் இறக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? வெளியிட்டால்தான் நமக்குச் சோதனையே நடக்கும்.

ஆத்தங்குடியான்:
அதாவது பிள்ளைகளின் பிராக்டிகல் பரீட்சையில்.

பள்ளத்தூர் லேப்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சைக்ளிக்டெஸ்டை என்ன ஆப்ஷன் கொடுத்து ஓட்டினீர்கள்?

செக்காலை ரோட்டுக்காரன்:
வழக்கமானதுதான் மேடம். முன்னுரிமை 80.

பள்ளத்தூர் லேப்:
அப்படியானால் அது சாதாரண புராசஸ்களை முந்தும் ரியல்டைம் வகுப்பில் ஓடியிருக்கிறது. உங்கள் பேட்ச் தொடுவது சாதாரண புராசஸ்கள் ஓடும் ஃபேர் வகுப்பை. மந்திரி வருகிறார் என்று ஒதுக்கிய ரோட்டில் பைக் ஓட்டிவிட்டு, காரைக்குடியில் டிராஃபிக்கே இல்லை என்பது போல இருக்கிறது.

இன்னொன்று. 3 மில்லி என்பது எட்டு கோர் மெஷினின் கணக்கு. அடிப்படை 0.75, கோர் கூடினால் அதுவும் ஏறும். எங்கள் லேப்பில் இருப்பதெல்லாம் இரண்டு கோர், அங்கே ஏற்கெனவே 1.5 தான். கெர்னலையும் 250 ஹெர்ட்ஸில் கட்டியிருக்கிறோம், அதன் கடிகாரத் துடிப்பான டிக் 4 மில்லி நொடிக்கு ஒரு தடவை. துண்டு தீர்ந்ததா என்று பெரும்பாலும் டிக் அடிக்கும்போதுதான் பார்க்கும். ஒன்று, ஒன்றரை என்பதெல்லாம் அங்கே பெயருக்குத்தான்.

செக்காலை ரோட்டுக்காரன்:
சைக்ளிக்டெஸ்ட் விஷயம் சரி, என் தப்பு. ஆனால் கண்ணால் பார்த்தேனே மேடம்! எழுத்து உடனுக்குடன் வருகிறது.

ஆத்தங்குடியான்:
பேட்ச் போட்ட பிறகு ரீபூட் செய்தீர்களா?

செக்காலை ரோட்டுக்காரன்:
செய்யாமல் புதுக் கெர்னல் எப்படி வரும்?

ஆத்தங்குடியான்:
அப்போது மெமரி போதாமல் டிஸ்கில் ஒதுக்கி வைத்த ஸ்வாப்பும் காலியாகியிருக்கும். பன்னிரண்டு பத்திரிகை படங்களோடு திறந்திருந்தால் முதலில் திணறுவது மெமரிதான். ஷெட்யூலர் பாவம்.

பள்ளத்தூர் லேப்:
எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இதைப் பார்க்க பேட்சே வேண்டாம். கெர்னலின் உள் அமைப்புகளைக் காட்டும் டிபக்எஃப்எஸ்-இல் ஷெட் என்ற ஃபோல்டருக்குள் பேஸ்_ஸ்லைஸ்_என்எஸ் என்ற கோப்பில் துண்டின் அளவு நானோ நொடியில் இருக்கிறது. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து எண்ணை மாற்றினால் ஓடுகிற மெஷினிலேயே துண்டு மாறிவிடும், ரீபூட் கிடையாது. டைப் அடிக்கும் பெண்ணிடம் சொல்லாமல் 3 மில்லி, 1 மில்லி என்று மாற்றி மாற்றி வையுங்கள். எப்போது இழுக்கிறது என்று அவர் சொல்லட்டும்.

செக்காலை ரோட்டுக்காரன்:
நாளைக்கே வைக்கிறேன். அந்தப் பெண் சரியாகச் சொல்லிவிட்டால் பேட்ச் உள்ளே. ஆத்தங்குடியார் அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.

ஆத்தங்குடியான்:
திறப்பேன் அண்ணே. பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்லட்டும். அதையும் பள்ளத்தூர் லேப்பின் இரண்டு கோர் மெஷினில் உட்கார்ந்து சொல்லட்டும்.