நான்கு துறை, ஒரே வினாக்கொத்து: தோட்டப் பாடசாலைகளில் 360 பிள்ளைகள் போதுமா?

டிக்கோயா_மழை (கேள்வி):
வணக்கம். கல்வியியல், உளவியல், வணிகம், ஊடகம் ஆகிய நான்கு துறை விரிவுரையாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்குகிறோம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் கல்வி வலயத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் தரம் 10, 11 பிள்ளைகளின் போன் பாவனை, சுயமதிப்பு, வீட்டு வருமானம், கற்றல் அடைவு ஆகியவற்றைத் தொடர்புபடுத்திப் பார்ப்பதே எண்ணம். குடித்தொகையை ஏறக்குறைய 5000 என்று எடுத்தோம். குடித்தொகைக்கு ஏற்ற மாதிரி அளவைச் சொல்லும் கிரெஜ்சி, மோர்கன் அட்டவணை 357 என்கிறது. அதனால் 12 பாடசாலை, ஒவ்வொன்றிலும் 30 பேர், மொத்தம் 360. வினாக்கொத்தில் 94 உருப்படி. ரோசன்பேர்க் சுயமதிப்பு அளவுகோலை நாங்களே தமிழாக்கினோம். முன்னோடி ஆய்வில் குரோன்பாக் அல்பா (உருப்படிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) 0.41 தான் வந்தது. உருப்படிகளை வெட்டிவிடலாமா? அனுமதிக்கு வலயப் பணிப்பாளரின் கடிதம் மட்டும் போதுமா?

எண்கணக்கன்:
முதலில் மாதிரியைப் பார்ப்போம், சேர். அந்த அட்டவணை எளிய எழுமாற்று மாதிரிக்குப் போட்ட கணக்கு. 5000 பேரின் பெயரையும் ஒரே பட்டியலில் வைத்துக் குலுக்கி எடுத்தால்தான் 357 பொருந்தும். நீங்கள் எடுப்பது கொத்து மாதிரி, அதாவது முதலில் பாடசாலை, பிறகு அதற்குள் பிள்ளைகள். ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், ஒரே தோட்டத்து லயங்களிலிருந்து (வரிசை வீடுகளிலிருந்து) வருகிறார்கள். ஆகவே முப்பது பேர் தரும் தகவல் முப்பது தனித்தனித் தகவல் ஆகாது.

இதற்கான திருத்தம் வடிவமைப்பு விளைவு. பாடசாலைக்கு எடுக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, உள்வகுப்புத் தொடர்பால் (ஒரே பாடசாலைப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவால்) பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அடைவு போன்ற மாறிக்கு அந்தத் தொடர்பை 0.15 என்று வைத்தால் 1 + 29 × 0.15 = 5.35. 360ஐ அதால் வகுத்தால் 67. அதாவது உங்கள் கையில் உண்மையில் 67 பேரின் பலம்தான் இருக்கிறது. அதே 360ஐ 24 பாடசாலையில் 15 பேராக எடுத்தால் விளைவு 3.1, பலம் 116 ஆக ஏறும். பஸ் செலவும் ஏறும், உண்மைதான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டுவதைவிடப் பாடசாலைகளைக் கூட்டுவதுதான் இங்கே பலன் தரும்.

பாடசாலைகளைத் தெரிவுசெய்யும் முன் 1ஏபி (உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ளது), 1சி (உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை), இரண்டாம் வகை (தரம் 11 வரை) என்று படையாக்குங்கள், அதாவது குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் எடுங்கள். மூன்றாம் வகையில் தரம் 10 இல்லை. பிள்ளைகளை வரவு இடாப்பிலிருந்து எடுங்கள், அன்றைக்கு வகுப்பில் இருப்பவர்களிலிருந்து எடுக்க வேண்டாம். தோட்டத்துத் திருவிழா நாட்களிலும் அடைமழை நாட்களிலும் தோட்டத்தின் தூரத்து டிவிஷன் (பிரிவு) பிள்ளைகள்தான் முதலில் வராமல் போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் விடை ஒரு பக்கம் சாயும். வராதவர்களுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

94 உருப்படி தாங்காது. பாடவேளை ஏறக்குறைய 40 நிமிடம், அதில் தாள் கொடுத்து விளக்கவே பத்து நிமிடம் போய்விடும். 45 உருப்படிக்குள் அடக்குங்கள். நான்கு துறையும் ஆளுக்கொரு பகுதி கேட்பதால்தான் இப்படிப் பெருக்கிறது. ஆய்வு வினாவுக்கு எது தேவையோ அதை மட்டும் வையுங்கள்.

இரத்தினத்தோட்டம்:
அல்பா 0.41 என்றதும் வெட்டப் போகாதீர்கள். ரோசன்பேர்க்கில் பத்து உருப்படி, அதில் ஐந்து எதிர்மறை, அதாவது உடன்பட்டால் சுயமதிப்புக் குறைவு என்று பொருள். பரவலாகப் புழங்கும் வரிசையில் 2, 5, 6, 8, 9. நான்கு புள்ளி அளவில் இவற்றை 5லிருந்து கழித்து மாற்றிக் குறியிட்டீர்களா? அதைச் செய்யாவிட்டால் அல்பா சரியும், சில வேளை மறைப் பெறுமானம்கூட வரும். பாதிக் கேஸ்களில் கோளாறு அங்கேதான் இருக்கும்.

மாற்றிய பிறகும் 0.6க்குக் கீழே நின்றால் மொழியைப் பாருங்கள். இரண்டு இடத்தில் தமிழ் இடறும். ஒன்று, எட்டாம் உருப்படி. "எனக்கு என்மேல் இன்னும் மரியாதை இருந்தால் நல்லது" என்று போட்டால், பிள்ளை அதை மற்றவர்கள் தனக்குத் தரும் மரியாதையாகவே வாசிக்கும். மரியாதை வேண்டாம் என்று யார் சொல்வார்? நல்ல தன்னம்பிக்கை உள்ள பிள்ளையும் "உடன்படுகிறேன்" என்று போட்டுக் குறைந்த புள்ளி வாங்கும். வேறு மொழிகளிலும் தொல்லை கொடுத்த உருப்படிதான் இது.

இரண்டாவது, இரட்டை மறுப்பு. "பெருமைப்பட என்னிடம் அதிகம் ஒன்றும் இல்லை" என்ற வரிக்கு "உடன்படவில்லை" என்று போட, பிள்ளை மனதுக்குள் இரண்டு 'இல்லை'யைக் கழிக்க வேண்டும். தெரிவுகளை "ஆமா, அப்படித்தான்" என்பதில் தொடங்கி "அப்படியே இல்லை" வரை நான்காகப் பேச்சுத் தமிழில் வைத்துப் பாருங்கள், சிக்கல் பாதியாகக் குறையும்.

முறை இதுதான்: இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கம், ஒன்றாக இணைத்தல், மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திரும்பப் பெயர்த்தல். அதன் பிறகு எட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, "இந்த வரியை உங்கட சொல்லில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மலையகத்தில் அதுதான் மிக முக்கியம்.

பற்றுக்கொப்பி:
வருமானக் கேள்வியைப் பற்றி. "உங்கள் வீட்டு மாத வருமானம் எவ்வளவு?" என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால் கிடைப்பது ஊகம்தான். வளர்ந்தவர்களுக்கே அது சிக்கல். தோட்டச் சம்பளம் எத்தனை பேர் (வேலை நாள்) விழுந்தது, அதில் முழுப்பேர் (முழுநாள்) எத்தனை, அரைப்பேர் (அரைநாள்) எத்தனை என்பதில் தொங்குகிறது. அதில் சேமலாப நிதி, முற்பணம் எல்லாம் கழியும். மேலே மேலதிகக் கிலோக் காசு (குறித்த அளவைத் தாண்டிப் பறித்த கொழுந்துக்கான பணம்) கூடும். கையில் வருவது ஒன்று, சம்பளத் துண்டில் இருப்பது இன்னொன்று. கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணன் அனுப்புவது எந்தத் துண்டிலும் இல்லை.

ஆகவே பிள்ளை கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்: வீட்டில் எத்தனை காம்பரா (அறை), கேஸ் அடுப்பா விறகா, தனிக் கழிப்பறையா பொதுவா, எத்தனை ஸ்மார்ட் போன், தோட்டத்துக்கு வெளியே வேலை செய்பவர் எத்தனை. இப்படியான எட்டு, பத்துக் கேள்விகளை ஆம்–இல்லையாக மாற்றி, முதன்மைக் கூறுப் பகுப்பாய்வில் (பல விடைகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் முறையில்) ஒரு சுட்டி எடுக்கலாம். எல்லோரும் "ஆம்" என்று போடும் பொருளை நீக்கிவிடுங்கள், அது எதையும் பிரித்துக் காட்டாது.

டிக்கோயா_மழை:
நன்றி. மாற்றிக் குறியிடவே இல்லை, இப்போதுதான் பார்த்தேன். போன் பகுதியில் "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பாவிக்கிறீர்கள்?" என்று வைத்திருக்கிறோம். அது பரவாயில்லையா? அடைவுக்குத் தவணைப் பரீட்சைப் புள்ளிதான்.

அலைவரிசை:
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. மணிக்கணக்குக் கேள்விக்கு வரும் விடை மூன்று அல்லது நான்கில் குவியும். "நேற்று" என்று நாளைக் குறித்துக் கேளுங்கள்: பாடசாலை விட்டு வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு முன், பின் என்று மூன்று துண்டாக. அதோடு போன் யாருடையது என்பதும் வேண்டும். அப்பா கொழுந்து மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து) வந்த பிறகே போன் கைக்கு வரும் வீட்டில், போனிலுள்ள பாவனை நேரக் கணக்கைப் பார்த்துப் பயனில்லை. அது குடும்பம் முழுவதன் கணக்கு. கவரேஜ் வீட்டுக்குள் கிடைக்கிறதா, மேட்டுக்கு ஏற வேண்டுமா என்று ஒரு கேள்வி. ரீலோட் (போனுக்குப் பணம்) யார் போடுகிறார் என்று இன்னொன்று.

தவணைப் புள்ளியை அந்தந்தப் பாடசாலையிலேயே திருத்துகிறார்கள், ஒருவர் இறுக்கம், ஒருவர் தளர்வு. எல்லாப் பாடசாலைக்கும் பொதுவாக 20 நிமிடக் கணிதத் தாள் ஒன்று கொடுத்து, ஒரே விடைத்திட்டத்தில் நீங்களே திருத்துவது மேல்.

இன்னொன்று: திறந்த வினா விடைகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ய வேண்டாம். அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு கழன்றால் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. யூனிகோடில் அடியுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரே இரட்டைச் சொடுக்கித் திறந்தாலும் தமிழ் உடையலாம், தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 தெரிவுசெய்து திறக்க வேண்டும்.

இரத்தினத்தோட்டம்:
அனுமதிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வலயக் கடிதம் மாகாணப் பாடசாலைக்கு உதவும். பட்டியலில் ஒரு தேசிய பாடசாலை இருந்தாலும் அது மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, அங்கே தனியாக எழுத வேண்டும். ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இதற்கெல்லாம் முன்னால். பின்தேதியிட்டு எடுக்க முடியாது.

பிள்ளைகள் 18க்குக் கீழ் என்பதால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் இணக்கமும் வேண்டும். பெற்றோர் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது, வாசித்துக் காட்டினால் புரியும் தமிழில் இருக்க வேண்டும். லயத்துக்குப் போய்ப் பேட்டி எடுப்பதாக இருந்தால், தொரை ஆபிஸ் (தோட்ட நிர்வாக அலுவலகம்) மூலம் ஆட்களைக் கூப்பிடவைக்காதீர்கள். அப்படி வருபவர் "மாட்டேன்" என்று சொல்லத் தயங்குவார், அது சம்மதம் ஆகாது. சுயமதிப்புத் தாளில் ஒரு பிள்ளை எல்லாவற்றிலும் ஆகக் குறைந்த புள்ளி போட்டிருந்தால் யாரிடம் அனுப்புவது என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்: பாடசாலை வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. தாளில் பெயர் கேட்க வேண்டாம், இலக்கம் போடுங்கள். இலக்கத்தையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் நால்வரில் ஒருவரிடம் மட்டும், பூட்டிய அலுமாரியில்.