காசு கட்டி வாங்கிய எஸ்இஓ டூலும் கண்ணில் படாத ஒரு டிக்கும்: உங்கள் அனுபவம் என்ன?

நூல்முனை

நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. புது பிளாக், 4 மாதம், 37 பதிவு. எஸ்இஓவுக்காக, அதாவது கூகுள் தேடலில் பதிவுகள் மேலே வரவேண்டும் என்பதற்காக, ஆரம்பத்திலேயே மாதச் சந்தா கட்டி ஒரு சைட் ஆடிட் டூல் (தளத்தின் குறைகளைச் சோதித்து மதிப்பெண் போடுவது) எடுத்துவிட்டேன். திங்கள்தோறும் மெயில் வரும்: மதிப்பெண் 84, 88, 91. அது ஏற ஏற நானும் ராத்திரி உட்கார்ந்து படத்துக்கெல்லாம் ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தை விவரிக்கும் வரி) எழுதினேன், மெட்டா விவரங்களை (பக்கத்தைப் பற்றித் தேடுபொறிக்குத் தரும் சுருக்கம்) நறுக்கினேன். கூகுளிலிருந்து மட்டும் ஒரு ஆள் வரவில்லை. புது டொமைன், நாளாகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில், நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவச சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, முகப்புப் பக்க முகவரியை யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டேன். நோஇண்டெக்ஸ் (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) இருப்பதால் விலக்கப்பட்டது என்று வந்தது. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று? அதில் டிக். தளம் கட்டும்போது அரைகுறையாக யார் கண்ணிலும் படக் கூடாதென்று நானே போட்டது. மவுஸை அதன் மேல் வைத்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சந்தா கட்டிய டூல் 4 மாதமாகச் சொல்லாததை இலவசமான ஒன்று ஒரு நிமிடத்தில் சொன்னது.

இரவுப்பறவை

என்னுடையது குரூப் பை கதை. பெரிய டூலின் ஒரே கணக்கை நாற்பது ஐம்பது பேர் பகிர்ந்துகொள்வது, சல்லிசு விலை. தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஒருநாள் மதியம் என் கீவேர்ட் பட்டியலை (மக்கள் கூகுளில் தேடும் சொற்கள்) பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கண் முன்னாலேயே வரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வேறு யாரோ எங்கிருந்தோ அழித்துக்கொண்டிருக்கிறார். மூன்று வாரம் தேடிச் சேர்த்த 212 சொற்கள். புகார் செய்யவும் வழியில்லை, அந்தக் கணக்கே விதிமீறல். அதற்குப் பிறகு என் பட்டியல் விரிதாளில்தான்.

வலைநெசவு

நூல்முனை, வருத்தம் புரிகிறது, ஆனால் டூல் மேல் பழி போடுவதை ஏற்க முடியவில்லை. ஆடிட் டூல்கள் பெரும்பாலும் நோஇண்டெக்ஸைப் பிழையாக எண்ணாது, வேண்டுமென்றே போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு அறிவிப்புப் பகுதியில் தள்ளிவிடும். உங்கள் அறிக்கையின் அடியிலும் இருந்திருக்கும். எனக்கும் ஒருமுறை இதே கோளாறு, இரண்டு நாளில் பிடித்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்க்ரீமிங் ஃபிராக் என்று தளத்தைப் பக்கம் பக்கமாகச் சோதிக்கும் மென்பொருள் இருக்கிறது, அதன் இலவசப் பதிப்பில் 500 முகவரி வரை ஓட்டலாம், ஆரம்ப பிளாக்குக்கு அது தாராளம். ஓட்டியதும் முதலில் எந்தெந்தப் பக்கம் இண்டெக்ஸ் ஆகத் தகுதியானது என்று காட்டும் பத்தியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இன்னொன்று: நோஇண்டெக்ஸ் போட்ட பக்கத்தை ரோபோட்ஸ் கோப்பிலும் (தேடுபொறி எங்கே நுழையக் கூடாது என்று சொல்லும் கோப்பு) தடுத்தால், கூகுள் உள்ளே வராது, வராததால் நோஇண்டெக்ஸையும் படிக்காது. அந்த முகவரி தேடலில் வந்துகொண்டே இருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். யார் உங்கள் தளத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், எந்த இணைப்பு உடைந்திருக்கிறது என்பதற்கு ஏரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ் போதும். உங்கள் சொந்தத் தளம் என்று உறுதிசெய்தால் காசு கிடையாது. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸையும் விட்டுவிடாதீர்கள், சர்ச் கன்சோலில் இருக்கும் தளத்தை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளும். டொமைன் அத்தாரிட்டி (ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று ஊகிக்கும் மதிப்பெண்) எண்ணைத் துரத்த வேண்டாம். அது மோஸ் நிறுவனம் கணக்கிடுவது, கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஊசித்துளை

தையல் மெஷினில் பாபின் நூல் அடியில் சிக்கிக்கொள்வது பற்றி ஒரு பதிவு எழுதி வைத்திருந்தேன். கீவேர்ட் டூலில் போட்டால் மாதத் தேடல் 0. அந்தப் பூஜ்யத்தை நம்பி 10 மாதம் டிராஃப்டிலேயே கிடந்தது. வேறு எதுவும் எழுத வராத ஒரு வாரத்தில் வெளியிட்டேன். ஆறு வாரம் கழித்து சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் தேடல் சொற்களைத் திறந்தால், நான் நினைத்தே பார்க்காத 60 விதமான கேள்விகள். ‘நூல் கொத்துக் கொத்தாக வருகிறது’, ‘அடியில் மட்டும் முடிச்சு’. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று இம்ப்ரெஷன்தான் (தேடலில் என் பக்கம் காட்டப்பட்ட தடவை), ஆனால் ஒவ்வொன்றும் மெஷின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். பத்து மாதத்தில் எத்தனை பேர் வந்து தேடி, கிடைக்காமல் திரும்பிப் போயிருப்பார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வலைநெசவு

அக்கா, அதற்காக 0 காட்டுகிற எல்லாவற்றையும் எழுதச் சொல்லிவிடாதீர்கள்.

ஊசித்துளை

அப்படி நான் சொல்லவே இல்லையே தம்பி. அந்த எண் ஒரு மதிப்பீடு என்கிறேன், அவ்வளவுதான். கூகுள் கீவேர்ட் பிளானரே விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்கு 100 முதல் 1,000 வரை என்று வீச்சாகத்தான் காட்டுகிறது. கூகுள் டிரெண்ட்ஸில் வரும் 0 முதல் 100 வரையான எண்ணும் தேடல் எண்ணிக்கை இல்லை, ஒப்பீடு. எனக்குத் தையல் தெரியும், கேள்வி எங்கே வரும் என்றும் தெரியும். அதை ஒரு பூஜ்யத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

மங்கலொளி

பச்சை விளக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. இலவச எஸ்இஓ பிளகின் (பிளாக்கில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) ஒன்று, கீவேர்ட் போதவில்லை என்று ஆரஞ்சு நிற விளக்கு காட்டியது. பச்சையாகும் வரை ‘கேமரா லென்ஸ் சுத்தம் செய்வது எப்படி’ என்பதையே பதிவு முழுக்கச் சேர்த்தேன். 14 இடம். பச்சை வந்தது, சந்தோஷமாக வெளியிட்டேன். இரண்டு நாளில் ஒரு வாசகர் எழுதினார்: “நல்ல தகவல். ஆனால் ஏன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்? உங்கள் பழைய பதிவுகள் இப்படி இருக்காதே.” பழைய பதிவுகளைப் படித்த ஒருவர். அன்று இரவே 11 இடங்களில் எடுத்தேன். விளக்கு சிவப்பானது, அப்படியே விட்டுவிட்டேன்.

நூல்முனை

வலைநெசவு, பழைய மெயில்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. முதல் அறிக்கையிலேயே இருக்கிறது, கடைசிக்கு முந்தைய வரி, சாம்பல் எழுத்தில்: ‘37 பக்கங்கள் நோஇண்டெக்ஸ்’ இல்லை, அப்போது ‘6 பக்கங்கள்’. அன்றைக்கு மொத்தமே 6 பதிவுதான் இருந்தது.