டிஎன்7 செருகல் இடத்தேர்வு குறித்து உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். டிஎன்7 என்னும், டிஎன்ஏவில் வேறிடத்தில் தன்னைச் செருகிக்கொண்டு இடம்பெயரும் மரபுக்கூறைப் பாக்டீரியாக்களில் கையாண்ட அனுபவம் உள்ளவர்களின் வழிகாட்டுதலை வேண்டி இதை எழுதுகிறேன்.

ஈ. கோலையில் இக்கூறின் டிஎன்எஸ்டி புரதம் ஜிஎல்எம்எஸ் மரபணுவின் இறுதிப் பகுதியை அடையாளம் கண்டு பற்றிக்கொண்டாலும், செருகல் மரபணுவுக்குள் நிகழாமல் அது முடிந்து ஏறத்தாழ 25 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) தள்ளியே நிகழ்வதால், செல்சுவர் ஆக்கத்துக்கு இன்றியமையாத அம்மரபணு சேதமின்றித் தப்புகிறது. தங்கிய செல்லைக் கெடுக்காமல் குடியேறும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. டிஎன்எஸ்இ புரதமோ வேறு வழியில், ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்கு டிஎன்ஏவைக் கடத்தும் இணைவின்போது செல்லுக்குள் நுழையும் பிளாஸ்மிட்களை (தனித்த சிறு டிஎன்ஏ வளையங்களை) நாடுகிறது.

என் கேள்வி முதல் வழியைப் பற்றியது. பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்னும் பாக்டீரியாவில் ஜிஎல்எம்எஸ் மரபணுவின் பிரதிகள் மூன்று இருப்பதால், செருகல் அவற்றில் எதன் அருகிலும் நிகழலாம். இத்தகைய இனங்களில் ஒரு பிரதியை மட்டும் விரும்பும் போக்கை யாரேனும் கண்டதுண்டா? அதற்குக் காரணம் மரபணுவின் இறுதிப் பகுதியில் உள்ள சிறு வரிசை வேறுபாடுகளா, அல்லது அவ்விடத்து டிஎன்ஏவின் அமைப்பா? ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ இழை) வைத்து, குறித்த டிஎன்ஏ பகுதியை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் மூலம் சரிபார்ப்பது போதுமா, முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்துவது அவசியமா என்பதையும் தெரிவியுங்கள். புரோட்டியஸ் மிராபிலிஸில் ஜிஎல்எம்எஸ் அருகில் அல்லாத இரண்டாம் இடத்திலும் செருகல் நிகழ்வதால், எதிர்பார்த்த இடங்களை மட்டும் பிசிஆரில் தேடுவது பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. பிரைமர் வடிவமைப்பைப் பகிர இயன்றால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.