டப்ளினுக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் கில்கென்னிக்குப் போங்கள்

ஐஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் மேற்குக் கரையில் இருக்கும் மோஹர் பாறைகளுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த நாளில் பாதி பஸ்ஸிலேயே கழிந்துவிடும். முதல் வெளியூர்ப் பயணத்துக்கு நான் கில்கென்னியைத்தான் சொல்வேன். ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், இறங்கினால் எல்லாமே நடை தூரம், மழை பிடித்தால் ஒதுங்கவும் இடமிருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கில்கென்னி நகரத்தை நடந்தே பார்த்துவிடலாம், ஆனால் அதைச் சுற்றியுள்ள கில்கென்னி கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) கார் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

ரயில் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் பாதையில் ஓடுகிறது. ஹியூஸ்டனுக்கு லுவாஸ் டிராமின் சிவப்புப் பாதையில் வரலாம். பஸ், டிராமுக்குப் பயன்படுத்தும் லீப் கார்டில் இருக்கும் பணம் கில்கென்னி ரயிலுக்குச் செல்லாது, தனி டிக்கெட் வேண்டும். ஐரிஷ் ரயில் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்தால் நிலையத்தில் வாங்குவதைவிடக் குறைவு. மாணவர்கள் மாணவர் கட்டணத்தில் எடுத்தால் ஸ்டூடண்ட் லீப் கார்டையும் கையோடு வைத்திருங்கள், பரிசோதகர் கேட்பார். ரயில்கள் அடிக்கடி கிடையாது. அதனால் திரும்பும் ரயிலின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தின் பெயர் மெக்டோனா. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரும், இந்த ஊரில் ஆசிரியராக வேலை பார்த்தவருமான தாமஸ் மெக்டோனாவின் பெயர் அது. பக்கத்திலேயே இருக்கும் வணிக வளாகம் பஞ்ச காலத்து ஏழையர் விடுதியின் வளாகத்தில் எழுந்தது. 2005-இல் கட்டுமானத்துக்கு முன் அங்கே தோண்டியபோது, 1840-களின் பெரும் பஞ்சத்தில் இறந்தவர்களின் கூட்டுப் புதைகுழிகள் வெளிப்பட்டன. கிடைத்தவை 970 பேரின் எலும்புகள். சாப்பாட்டுக் கடையைத் தேடி அவசரமாக அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

அங்கிருந்து ஜான் தெருவில் இறங்கி நோர் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் எதிரே கோட்டை. வில்லியம் மார்ஷல் என்ற பிரபு கட்டிய கற்கோட்டை அது, நான்கு மூலைக் கோபுரங்களில் மூன்றுதான் இன்று மிச்சம். 1391-இல் பட்லர் குடும்பம் வாங்கியது, 1967-இல் வெறும் 50 பவுண்டுக்கு ஊர் மக்களிடம் ஒப்படைத்துவிட்டது. உள்ளே போகக் கட்டணம் உண்டு, பூங்காவுக்கு இல்லை. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பூங்காவில் விளையாட்டுத் திடல் இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தால் மற்ற அறைகளை வேகமாகக் கடந்துவிட்டு, ஓவியம் தீட்டிய மரக்கூரையோடு இருக்கும் நீண்ட கூடத்தில் நில்லுங்கள்.

கோட்டைக்கும் செயின்ட் கேனிஸ் பேராலயத்துக்கும் நடுவில் இருப்பதைத்தான் 'மெடீவல் மைல்' (இடைக்கால மைல்) என்கிறார்கள். வழியில் ஹை தெருவுக்கும் கீரன் தெருவுக்கும் இடையே ஓடும் 'பட்டர் ஸ்லிப்' சந்து வழியாக ஒரு முறை இறங்கிப் பாருங்கள். ஜான் ரோத் என்ற வணிகர் 1594 முதல் 1610 வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மூன்று வீடுகள்தான் ரோத் ஹவுஸ். நம்மூர் முற்றத்து வீடு பழகியவர்களுக்கு அதன் அமைப்பு சட்டென்று பிடிபடும். கைட்லர் பெயரில் உள்ள விடுதியில் படம் எடுக்காதவர் இல்லை. ஆலிஸ் கைட்லர்மேல் 1324-இல் சூனியக் குற்றம் சாட்டியபோது அவர் தப்பிவிட்டார், உயிரோடு எரிக்கப்பட்டது அவருடைய பணிப்பெண் பெட்ரொனில்லாதான். அங்கே நினைக்க வேண்டியது அந்தப் பெண்ணைத்தான்.

பேராலயத்தின் பக்கத்தில் சுமார் 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரம் நிற்கிறது. அயர்லாந்தில் ஏறிப் பார்க்க முடிகிற பழைய வட்டக் கோபுரங்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று. உள்ளே தளத்துக்குத் தளம் செங்குத்தான மர ஏணிகள், உச்சியை நெருங்கும்போது குறுகிய கற்படிகள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், தோள்பை இடிக்கும், மேலிருந்து ஒருவர் இறங்கினால் ஒதுங்க இடமிருக்காது. சின்னக் குழந்தைகளை விடமாட்டார்கள், காற்று பலமாக அடித்தால் மூடிவிடுவார்கள். எனவே வானம் தெளிவாக இருந்தால் கோட்டையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இங்கே வாருங்கள். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், அப்போது பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கோபுரம் வேண்டாம், நகருக்கு வடக்கே இருக்கும் டன்மோர் குகையும் வேண்டாம். குகையில் 700-க்கும் மேற்பட்ட படிகள், ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதியில் திரும்ப முடியாமல் திண்டாடிப்போவார்கள்.

இனி கவுண்டி. கார் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு சுலபமான வழி, அதே ரயிலில் அடுத்த நிறுத்தமான தாமஸ்டவுன். கில்கென்னி முட்டு நிலையம் என்பதால் ரயில் வந்த பக்கமே திரும்பிக் கிளம்பும். டப்ளினுக்கே போகிறது என்று பதறி இறங்கிவிடாதீர்கள். தாமஸ்டவுனிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஜெர்பாயிண்ட் மடம், 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியத் துறவிகள் கட்டியது. நடந்துவிடலாம் என்று வரைபடம் சொல்லும். ஆனால் அது பழைய தேசிய நெடுஞ்சாலை, வண்டிகள் வேகமாக வரும். டாக்ஸிக்கு முதல் நாளே போன் செய்து, திரும்ப ஏற்றிக்கொள்ளும் நேரத்தையும் பேசிவிடுங்கள், அங்கே நின்று ஆப்பில் தேடினால் வண்டி கிடைப்பது கஷ்டம். மடத்தின் முற்றத்துத் தூண்களில் வீரர்கள், புனிதர்களோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலியில் நெளியும் ஒரு மனிதனையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடியுங்கள். குளிர்காலத்தில் மடம் மூடியிருக்கும், கிளம்பும் முன் ஹெரிடேஜ் அயர்லாந்து இணையதளத்தைப் பாருங்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு. இந்திய, இலங்கை உரிமத்தை இங்கே நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்வு, லேர்னர் பெர்மிட், ஓட்டுநர் தேர்வு என்று முறைப்படிதான் போக வேண்டும். லேர்னர் பெர்மிட்டில் மோட்டார்வேயில் ஏறக்கூடாது, ஆக இந்தப் பக்கம் வரும் எம்9 மோட்டார்வே உங்களுக்குக் கிடையாது. துணைக்கு முழு உரிமம் பெற்று இரண்டு வருடமானவர் இருந்தாலும் பழைய ஆர்448 சாலைதான், நேரம் கூடுதலாகும். கிராமத்துச் சின்னச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரி முதல் மணிக்கு 60 கிலோமீட்டர். இருபுறமும் புதர்வேலி, வளைவுக்கு அப்பால் டிராக்டர் நிற்கலாம், 60-கூடப் பல இடங்களில் அதிகம்தான்.

கார் இருந்தால் என் தேர்வு கெல்ஸ் பிரையரி. 1193-இல் தொடங்கிய அகஸ்டின் மடம், சுற்றிலும் கோட்டை மதில், நடுவில் ஆடுகள் மேய்கின்றன, கட்டணம் கிடையாது. ஜிபிஎஸ்ஸில் வெறும் 'கெல்ஸ்' என்று போட்டால் மீத் கவுண்டியில் இருக்கும் வேறு கெல்ஸுக்குக் கூட்டிப்போய்விடும், 'கில்கென்னி' என்று சேர்த்துப் போடுங்கள். பிறகு இனிஷ்டீக். ஆற்றங்கரைக் கிராமம், மேட்டில் உட்ஸ்டாக் தோட்டம். அங்கே கார் நிறுத்தச் சில்லறை நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதானால் சனி இரவைத் தவிருங்கள். கல்யாணத்துக்கு முந்தைய நண்பர் கூட்டங்கள் நாடெங்கிலிருந்தும் இங்கேதான் வரும், அறை விலை ஏறும், ஜான் தெருப் பக்கம் தூக்கம் வராது. மட்டையும் பந்துமாக ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங் ஆட்ட நாளும் அப்படித்தான், 36 அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்ற கவுண்டி இது. சாப்பாட்டில் சைவர்கள் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: காய்கறி சூப்பில் கோழிச் சாறு ஊற்றியிருக்கிறதா, உருளைச் சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். பப்பில் பிள்ளைகளோடு சாப்பிடலாம், ஆனால் இரவு 9 மணிக்குள் (மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குள்) அவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது சட்டம். எனவே ஆறரை மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.