புதுப்பிப்பு: பாய்ப்படகு யன்னல் ஒழுக்கு நின்றுவிட்டது
முல்லைத்தீவில் நிற்கிற என் சின்னப் பாய்ப்படகின் கபின் யன்னல்கள் வெடித்து ஒழுகுகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. யன்னலுக்கும் படகுக்கும் இடையில் பியூட்டைல் நாடா (ஒழுக்கை அடைக்கிற, பசைபோல ஒட்டும் ரப்பர் நாடா) போடச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் சரிவந்தது, மாரி மழைக்கும் ஒழுகவில்லை.

பழைய யன்னலையே அச்சாக வைத்து 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் (கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக்) தகட்டை வெட்டினேன். அது வெயிலுக்கு விரியும், அதனால் துளைகளைத் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட வேண்டும், ஒரேயடியாக இறுக்கவும் கூடாது. வன்னி வெயிலுக்கு இதுதான் முக்கியம். நான் எதிர்பார்க்காத விஷயம், நாடா வெக்கையில் இளகி ஓரத்தால் பிதுங்கியது, பிறகு திருகாணிகளை மெல்ல இறுக்கி, பிதுங்கியதை பிளாஸ்ரிக் துண்டால் வழித்தேன். பழைய சிலிக்கனைச் சுரண்டுவது சரியான அலுப்பு வேலை. மிச்சத்தைத் துடைக்க அசிற்றோன் என்ற கரைப்பானைப் படகின் பைபர் பக்கம் மட்டும் பாவியுங்கள், அக்ரிலிக்கில் பட்டால் மெல்லிய வெடிப்பு விழும்.